அவள் மட்டும் உட்காராத நாற்காலி

எங்கள் சபையில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பல் பரிசோதனை முகாம் வைத்தார்கள். முகாம் தொடங்குவதற்கு முன்னால் சபையாருக்கு முன்னே கொஞ்ச நேரம் பேசும்படி ஆயர் என்னைக் கேட்டுக்கொண்டார். நான் பல் மருத்துவன் இல்லை. சிங்காநல்லூர் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறவன். ஆனாலும் பல் விஷயத்தில் சபைக்குள் எனக்கென்று ஒரு பெயர் இருந்தது. "அவங்க ஊட்ல எல்லாரும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா பல்லு டாக்டர்கிட்டப் போயிருவாங்க" என்று சொல்வார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

அது என் மகனால் வந்த பெயர். அவனுக்கு நாலு வயது ஆனபோது மேல்வரிசை முன்பற்கள் கறுத்துப் போயின. ராத்திரி பாட்டிலில் சர்க்கரை போட்ட பாலைக் குடித்துக்கொண்டே தூங்குவான். பால்பல்தானே, விழுந்து முளைக்கப்போகிறது என்று இருந்துவிட்டோம். ஒரு நாள் காலையில் எழுந்தபோது கன்னம் ஒரு பக்கம் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. கண்கூடத் திறக்கவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினோம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் புதிதாக கிளினிக் போட்டிருந்த டாக்டரம்மா எங்களைவிட வயதில் இளையவர். திட்டவில்லை. "பால்பல்லுக்கும் வேர் இருக்குதுங்க. வலி தெரியும்ங்க" என்று மட்டும் சொன்னார். நான் அவன் கைகளைப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி கால்களைப் பிடித்துக்கொண்டாள். அவன் கத்தின கத்தலில் வெளியே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து போயே விட்டார்.

அன்றிலிருந்து நான் ஆளே மாறிவிட்டேன். அடுத்துப் பிறந்த மகளுக்கு முதல் பல் வெளியே தெரிந்ததுமே கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகளின் கடைவாய்ப் பற்களில் பள்ளங்களை அடைக்கிற பூச்சு பூசவைத்தேன். கூடவே இருக்கும் என் அப்பாவுக்கு, பாதி கட்டுப்பல், பாதி சொந்தப் பல். அந்தச் சொந்தப் பற்களை விட்டுவிடக் கூடாது என்று அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். மில்லில் வேலை பார்த்தவர், வாயில் புகையிலை அதக்கின ஆள். முதலில் முரண்டு பிடித்தார். பிறகு பழகிவிட்டார். ராத்திரி சாப்பாடு முடிந்தால் நான் வாஷ்பேசின் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். இரண்டு பிள்ளைகளும் துலக்கி முடிக்கிற வரைக்கும் நகர மாட்டேன். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் வரும் ஒட்டுகிற மிட்டாயெல்லாம் வாசலிலேயே நின்றுவிடும்.

கிளினிக்குக்குப் போகிற நாளில் எங்கள் ஏற்பாடு இப்படி இருக்கும். போன் பண்ணி நேரம் வாங்குவது என் மனைவி. தண்ணீர் பாட்டில், மகளுக்கு மாற்றுச்சட்டை, அப்பாவின் கட்டுப்பல் டப்பா எல்லாம் எடுத்து வைப்பது அவள். முதலில் மகன் ஏறுவான், அப்புறம் மகள், அப்புறம் அப்பா, கடைசியாக நான். நாற்காலி சாயும், நிமிரும். அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மற்ற நேரத்தில் வெளியே பெஞ்சில் எல்லாருடைய பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எல்லாம் முடிந்ததும், "எல்லாருக்கும் ஆச்சா? கெளம்பலாமுங்களா?" என்பாள். நானும் "ஆச்சு" என்பேன்.

இத்தனை வருடமும் எனக்கு அது உறைக்கவே இல்லை.

முகாம் அன்றைக்கு நான் பேசினேன். மகனின் கன்னம் வீங்கின கதையைச் சொன்னேன். வந்தபின் வைத்தியம் பார்ப்பதைவிட வராமல் காப்பதுதான் அப்பா அம்மாவின் கடமை என்றேன். "நம்ம குடும்பத்துல ஒருத்தரையும் விட்றக்கூடாதுங்க. சின்னப்பிள்ளையில இருந்து பெரியவங்க வரைக்கும் எல்லாரையும் கூட்டிட்டுப் போகோணும்" என்றேன். முன்வரிசையில் தலையாட்டினார்கள். பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேனா என்று இப்போது யோசித்தால் ஞாபகம் வரவில்லை. பேசி முடித்து இறங்கினபோது அவள் அங்கே இல்லை. சபைக்கட்டிடத்துக்குப் பின்னால் டீ ஊற்றிக் கொடுக்கிற பெண்களோடு போய் நின்றுவிட்டாள்.

முகாமுக்கு வந்தவர் எங்கள் டாக்டரம்மாதான். கூட இரண்டு மாணவிகளும் வந்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, டார்ச் அடித்துப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வரிசை வாசல்வரைக்கும் நீண்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கைகட்டிக்கொண்டு ஓரமாக நின்று வருகிறவர்களை ஒழுங்குபடுத்தினேன்.

முகாம் முடியும் நேரத்தில் டாக்டரம்மா என் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தோளில் கைபோட்டுக்கொண்டார். மாணவிகளில் ஒருத்தி போனை எடுத்தாள். "ஒரு சொத்தைகூட இல்லாத பல்லு இது. நல்லா சிரி கண்ணு, போட்டோ எடுக்கலாம்" என்றார் டாக்டர்.

மகள் சிரித்தாள். சிரிக்கும்போதே வலது கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கைய எடு கண்ணு."

எடுத்தாள். மறுபடி சிரிப்பு வந்தது, மறுபடி கை போய்விட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஏன் கண்ணு, முத்து மாதிரி பல்ல வெச்சுக்கிட்டு மறைக்கறே?" என்று டாக்டர் கேட்டார்.

"பெரிய பொண்ணுக அப்பிடித்தான் சிரிக்கோணுமுங்க. எங்கம்மா அப்பிடித்தான் சிரிப்பாங்க" என்றாள் என் மகள்.

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. கூட்டத்தில் யாரையோ தேடினார். பிறகு என்னிடம் வந்தார்.

"சார், அக்கா எங்கீங்க?"

"டீ ஊத்திட்டு இருக்கறாங்க."

"அவங்களுக்கு இங்க பாத்தாச்சுங்களா?"

"பாத்திருப்பாங்க" என்றேன்.

"இல்லீங்க. நான் இங்கதான உட்கார்ந்திருக்கறேன்." குரலைத் தாழ்த்தினார். "கிளினிக்கிலயும் அவங்கள நான் ஒருக்காகூடப் பாத்ததில்லீங்க. நானாக் கேட்டிருக்கறேன். அடுத்த வாட்டி, அடுத்த வாட்டின்னு சொல்லிருவாங்க."

"அவளுக்குப் பல்லு நல்லா இருக்குதுங்க டாக்டர். ஒண்ணும் சொன்னதே இல்ல" என்றேன். அப்படிச் சொல்லும்போதே அவளுடைய பல்வரிசையை மனதில் கொண்டுவந்து பார்க்க முயன்றேன். வரவில்லை. மகனுக்கு எந்தக் கடைவாய்ப்பல் எப்போது முளைத்தது, அப்பாவுக்கு எந்தப் பக்கம் கட்டுப்பல், எல்லாம் எனக்குத் தெரியும். பதினாலு வருடமாகக் கூட வாழ்கிறவளின் வாய் எனக்குத் தெரியவில்லை.

அவள் வாயைப் பொத்திச் சிரிப்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரியும். அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்கும். முந்தானையின் நுனியைப் பிடித்து வாய்க்குக் குறுக்கே வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். சொந்தக்காரர்கள் வந்தால் சொல்லியும் காட்டுவேன்: "எங்கூட்டு அம்மணி சிரிச்சா சத்தந்தான் கேக்கும், பல்லக் கண்ணுல காட்டமாட்டா." எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், அதே மாதிரி.

அன்றைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். அப்பா படுத்துவிட்டார். பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போய்விட்டார்கள். அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன்.

"டாக்டரம்மா உன்னைக் கேட்டாங்க."

"என்னவாம்?"

"நீ ஒருக்காகூடக் காட்டலியாமா?"

"எனக்கென்னங்க, நான் நல்லாத்தான் இருக்கறேன்." குழாயைத் திறந்துவிட்டாள்.

"எங்க, வாயத் திற. நான் பாக்கறேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பிள்ளைகளிடம் தினமும் சொல்லிச் சொல்லி வந்த பழக்கமாக இருக்கலாம். கையில் போனை எடுத்து டார்ச்சைக்கூடப் போட்டுவிட்டேன். அவள் கையிலிருந்த வடிதட்டைத் தொட்டிக்குள் போட்டாள். அந்தச் சத்தத்தில் நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

"சந்தையில மாட்டுக்குப் பல்லுப் புடிச்சுப் பாக்கற மாதிரி பாக்காதீங்க என்னைய."

அவள் அவ்வளவு கடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை. போனை அணைத்துப் பைக்குள் வைத்தேன். அவள் குழாயை மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"பொண்ணு வயித்துல இருக்கறப்பவே ஈறுல ரத்தம் வந்துச்சுங்க. உங்ககிட்டச் சொன்னேன்."

"என்கிட்டயா?"

"உங்ககிட்டத்தான். மாசமா இருக்கறப்ப அப்பிடித்தான் இருக்கும், பெத்தாச் சரியாப் போயிரும்னு சொன்னீங்க. சரியாப் போகலீங்க. அப்பறம் கொழந்தையப் பாக்கறதே வேலையாப் போச்சு."

எனக்கு அது ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தும், எந்த அறையில், எந்த நேரத்தில் அவள் சொன்னாள் என்று வரவில்லை. அவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருந்தது. என் குரலில் இருந்த அவசரம்கூட அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கும். அதை அவள் சொல்லவில்லை. அப்போது என் மகனின் பல்லுக்காக ஊர் முழுக்க நல்ல பல்துலக்கி தேடி அலைந்துகொண்டிருந்தேன் என்பது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"நாளைக்குப் போலாமா?" என்றேன்.

"இத்தன நாளுக்கப்பறம் போனா அந்தப் பொண்ணு என்ன நெனைக்கும்? ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற ஊட்ல இருந்து வந்து வாயத் தொறந்து காட்டினா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சபையில் நான் பேசிக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து போனது டீ ஊற்றுவதற்காக இல்லை. என் பேச்சே அவளுக்குக் கதவை அடைத்துவிட்டது. என் பெயரைக் காப்பாற்றுவதற்காக அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். துண்டை எடுத்து அவள் கழுவி வைத்த பாத்திரங்களைத் துடைத்தேன். 

இரண்டு நாள் கழித்து அவளாகவே, "ஏனுங்க, நாளைக்கு சாயங்காலம் போலாமுங்களா? கூட்டம் இல்லாத நேரமாக் கேளுங்க" என்றாள். முதல் தடவையாக நான் போன் பண்ணி நேரம் வாங்கினேன். பிள்ளைகளை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனோம். அவள் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். புடவையைக் கால்வரைக்கும் இழுத்துவிட்டு, இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய பையை நான் மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். இடையில் ஒரு திரைச்சீலைதான். உள்ளே பேசுவது கேட்டது.

டாக்டரம்மா கருவிகளை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. மெல்லிய கம்பியை வைத்து ஒவ்வொரு பல்லாகத் தொட்டுக்கொண்டு போயிருப்பார். அவள் ஒரு இடத்தில் முனகினாள்.

"எந்தப் பக்கம்ங்கா மெல்லுவீங்க?"

"இடது பக்கந்தான். வலது பக்கம் மென்னு நாளாச்சு."

"கீழ முன்பல்லு ரெண்டு ஆடுதே, எத்தன நாளா?"

"வருசம் இருக்குங்க. ஆப்பிள் கடிக்கறதில்ல. முறுக்கு ஒடச்சுத் தண்ணியில ஊற வெச்சுத் திம்பேன்."

"யாருகிட்டயும் சொல்லலீங்களா?"

நாற்காலி நிமிர்கிற சத்தம் கேட்டது.

"கொழந்தைய ஒருத்தர் புடிச்சுக்கோணுமில்லீங்க. எல்லாரும் முடிச்சு வாரப்பவே நேரமாயிரும். அப்பறம் வாய்ல வாடை வேற வந்துருச்சு. அதுக்கப்பறம் யாரு பக்கத்துலயும் நிக்கறதுக்கே ஒரு மாதிரி. கொயர்ல இருந்துகூட அதனாலதானுங்க நின்னுட்டேன். நெருக்கி நின்னுதான பாடோணும்? பக்கத்துல நிக்கற பொண்ணு ஒருநாள் மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு. அது வேணும்னு திருப்புச்சோ என்னமோ. எனக்கு அப்பிடித் தோணிருச்சு."

 அவள் சபையின் பாடகர் குழுவில் பாடினவள். கல்யாணத்துக்கு முன்னால் அவளை நான் முதலில் பார்த்ததே அங்கேதான். இரண்டாவது வரிசையில் நின்று, பெண்குரல்களில் தாழ்ந்த பாகமான ஆல்ட்டோவைப் பாடுவாள். மகள் பிறந்த பிறகு நின்றுவிட்டாள். "கொழந்தைய வெச்சுக்கிட்டு எப்பிடிங்க பிராக்டிசுக்குப் போறது?" என்றாள். நானும் நம்பினேன். நம்பினது மட்டும் இல்லை, வீட்டில் இருக்கிறாளே என்று உள்ளுக்குள் சௌகரியமாகக்கூட இருந்தது. கிறிஸ்துமஸ் கேரல் சமயத்தில் வீடு வீடாகப் போகிறவர்கள் எங்கள் வாசலில் நின்று பாடும்போது, அவள் உள்ளே நின்றுகொண்டு, வாயைத் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே தன் பாகத்தைப் பாடுவாள். நான் அதைக் கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டே வந்தவர்களுக்கு கேக் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். எக்ஸ்ரே படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். ஈறு மட்டும் கெட்டுப்போகவில்லை, பல்லைத் தாங்கிப் பிடிக்கிற எலும்பும் கரைந்திருக்கிறது என்றார். வலது கீழ்க் கடைவாயில் ஒரு பல்லை எடுத்தாக வேண்டும். ஆடுகிற முன்பற்களில் ஒன்று நிற்கலாம், இன்னொன்று சந்தேகம். ஈறுக்கு அடியில் வேர்வரைக்கும் போய்ச் சுத்தம் செய்ய வேண்டும். நாலைந்து தடவை வர வேண்டும். சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தம் பார்த்துக்கொண்டு வரச் சொன்னார்.

"ஆரம்பத்துலயே வந்திருந்தா?" என்று நான் கேட்டேன்.

டாக்டரம்மா அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சுத்தம் பண்ணிட்டு, துலக்கறதச் சொல்லிக் குடுத்து அனுப்பியிருப்பேனுங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். நான் அந்த வார்த்தையை வீடுவரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தவள், "சித்த மெதுவாப் போங்க" என்றாள். வேகமாகப் போகிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

சர்க்கரை இல்லை. அந்த மட்டில் நிம்மதி. கடைவாய்ப்பல்லை எடுத்த அன்று கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, நானே அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கிக் குழைய மசித்துக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பே இல்லீங்க" என்றாள். இரண்டாம் நாள் உப்பு கரித்தது. மூன்றாம் நாள் அவளே எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததையும் எழுதத்தான் வேண்டும். எனக்குக் குற்றவுணர்ச்சி பிடித்து ஆட்டியது. பிள்ளைகளை விட்டுவிட்டு அவள் பின்னாலேயே திரிந்தேன். பல்லிடுக்கில் விட்டுத் தேய்க்கிற குட்டி பிரஷ்களைக் கடையில் இருந்த அளவிலெல்லாம் வாங்கி வந்து வாஷ்பேசின் மேல் அடுக்கினேன். அவள் துலக்கும்போது வாசலில் நின்றேன். "ஈறோரமா சாய்ச்சுப் புடி" என்றேன். சாப்பிடும்போது "வலிக்குதா?" என்று கேட்டேன். டீ குடித்தால் "சூடு பரவால்லியா?" என்று கேட்டேன். பழைய கல்யாண ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் அவள் பல் தெரியச் சிரித்திருந்த படங்களைப் பார்த்துவிட்டு அவள் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒரு தடவை அவளே வந்து என் தோளைத் தட்டி, "விடுங்க, நான்தான சொல்லாம இருந்துபோட்டேன்" என்று தேற்றினாள். எனக்குக் கொஞ்சம் மனசு லேசானது. லேசானது என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சந்தேகத்தில் இருந்த முன்பல் நிற்கவில்லை. ஒரு நாள் காலை இட்லி சாப்பிடும்போது, எதையும் கடிக்காமலே, சாய்ந்துவிட்டது. அவள் எழுந்து போய்க் கொப்பளித்துவிட்டு வந்தாள். நான் தலையில் கைவைத்துக்கொண்டு, "எல்லாம் என்னாலதான், எல்லாம் என்னாலதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் பயந்து பார்த்தார்கள். அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நான் ஒண்ணு சொன்னாக் கேப்பீங்களா?"

"சொல்லு."

"பல்லுப் போனது எனக்கு. நீங்க அழுகறதுக்கு நான் ஆறுதல் சொல்லோணுமா? முன்னால உங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போறது என்ற வேலையா இருந்துச்சு. இப்ப உங்க வருத்தத்தப் பாத்துக்கறதும் என்ற வேலையாயிருச்சு. எனக்கு முடியலீங்க."

குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் அன்றைக்கு வடிதட்டு விழுந்த சத்தத்தைவிட இது எனக்குப் பலமாகக் கேட்டது.

"நான் என்ன பண்ணட்டும்?" என்றேன்.

"வருத்தமா இருந்தா இருங்க. அத என்கிட்டக் கொண்டாராதீங்க. அடுத்த தடவ போறப்ப, பசங்களயும் மாமாவையும் நீங்க பாத்துக்குங்க. நான் நிம்மதியாப் போய் அந்த நாற்காலியில உக்காந்துட்டு வாரேன். அது போதும்."

எனக்குத் தெரிந்த எல்லா மன்னிப்பு வார்த்தைகளும் அந்த நேரத்தில் உபயோகம் இல்லாமல் போயின. சரி என்றேன்.

அதன்படி நடக்கப் பார்க்கிறேன். சொல்கிற அளவுக்குச் சுலபமாக இல்லை. மகளைச் சமாளிப்பதே பெரிய பாடு. நாற்காலியில் ஏறினதும் கழிப்பறை போக வேண்டும் என்பாள். மகன் தண்ணீர் பாட்டிலைக் காணோம் என்பான். அப்பா கட்டுப்பல் டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார். அடுத்தடுத்த தடவைகளில் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். இத்தனையையும் செய்துகொண்டு தன்னுடைய வாயைப் பற்றி ஒருத்திக்கு யோசிக்கவே நேரம் இருந்திருக்காது என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

அவளுக்கு இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சுத்தம் செய்கிறார்கள். போன பல்லுக்குப் பதில் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டின ஒரு பல் இருக்கிறது. ரத்தம் நின்றுவிட்டது, வாடையும் போய்விட்டது. "கரைஞ்ச எலும்பு திரும்ப வராதுங்கா, இருக்கறதப் புடிச்சு வெச்சுக்கலாம்" என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதை அவள் சாதாரணமாக எடுத்துக்கொண்டாள். நான்தான் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

கொயருக்கு அவள் திரும்பப் போகவில்லை. நான் ஒரே ஒரு தடவை கேட்டேன். "என்ற எடத்துல இப்ப ஒரு சின்னப்பொண்ணு நிக்குது. நல்லாப் பாடுது. அத எதுக்கு நகத்தோணும்?" என்றாள். அவள் மனதில் அதற்குக் கீழே வேறு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தோண்டிக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அக்கறையா, பழைய கவனக்குறைவின் மிச்சமா என்று எனக்கே நிச்சயமில்லை. மகளும் இன்னும் சில சமயம் கையைத் தூக்குகிறாள். நாங்கள் இரண்டு பேரும் பார்க்கிறோம், ஒன்றும் சொல்வதில்லை. சொன்னால் அது இன்னும் ஒட்டிக்கொள்ளும் என்று என் மனைவி நினைக்கிறாள்.

சபையில் மறுபடி முகாம் வைக்கப் போவதாகச் சொல்லி ஆயர் என்னைப் பேசக் கேட்டார். முடியாது என்றேன். ஏன் என்றார். வேறு யாராவது பேசட்டும், நான் டீ ஊற்றுகிறேன் என்றேன். அவர் அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவரைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் கிளினிக்கிலிருந்து திரும்பும்போது, பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டியைப் பார்த்து அவள் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். கொய்யாக்காய் வாங்கினாள். வண்டிக்காரர் நாலாகப் பிளந்து உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுத்தார். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். அப்பா வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவள் ஒரு துண்டை எடுத்து, கொஞ்சம் யோசித்து, வலது பக்கம் கடைவாயில் வைத்து மெதுவாக அழுத்தினாள். வலிக்கிறதா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். அப்பாவின் டப்பாவையும் மகளின் மாற்றுச்சட்டையையும் ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மகன் ரோட்டுக்கு இறங்கிவிடாமல் பிடித்துக்கொண்டேன். அவள் யாரையும் பார்க்காமல், வண்டியின் நிழலில் நின்று, கடைசி வரைக்கும் மென்று தின்றாள்.